பிள்ளையை எந்தப் பயிற்சிக் கூடத்தில் சேர்ப்பது?

புனே நகரில் கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் குடும்பங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. "பிள்ளை கட்டிலிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் ஓயாமல் குதித்துக்கொண்டே இருக்கிறது, ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியில் சேர்த்துவிடலாமா? சேர்ப்பதானால் எந்தக் கழகம் நல்லது?" என்று கேட்கிறார்கள். கட்கியில் மூன்று தலைமுறையாக வாழும் குடும்பத்தினரும் கேட்கிறார்கள். அண்மையில் ஹிஞ்சவாடிக்கு வேலை மாற்றலாகி வந்தவர்களும் கேட்கிறார்கள். ஊரில் இருந்தால் மாமாவிடமோ, பெரியப்பாவிடமோ, தெருவில் குடியிருக்கும் பள்ளி ஆசிரியரிடமோ விசாரித்து ஒரு முடிவுக்கு வருவோம். இங்கே அப்படி விசாரிக்க ஆளில்லை. விளம்பரத் தாளும், கைப்பேசியில் வரும் படங்களுமே வழிகாட்டிகளாகிவிடுகின்றன. ஆகவே இம்மாதம் இவ்விஷயத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத முற்படுகிறோம்.

'இந்தக் கழகத்தில் சேருங்கள், அந்தக் கழகத்தில் சேராதீர்கள்' என்று பெயர் குறித்துச் சொல்லும்படி சிலர் விரும்பலாம். அதனால் பெரும் பயன் விளையாது. பெயர் அப்படியே இருக்கும். உள்ளே ஆசிரியர் மாறிவிடுவார். பெரிய பிள்ளைகளுக்கு மிகச் சிறப்பாகக் கற்பிக்கும் இடத்தில் சிறு குழந்தைகளைக் கவனிக்க ஆளில்லாமலும் இருக்கலாம். ஒரு கூடத்தை எப்படிப் பார்ப்பது என்று பெற்றோர் தெரிந்துகொண்டால், எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் அந்த அறிவு கூடவே வரும். அதனைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

முதலில் நாம் வாழும் இந்நகரின் பெருமையை அறிந்துகொள்வது நன்று. தேகப்பயிற்சி புனேக்குப் புதிதன்று. பழைய பேட்டைகளில் நடந்து சென்றால் 'தாலீம்' என்று பெயர் எழுதிய கட்டடங்கள் கண்ணில் படும். கற்பித்தல் என்ற பொருளுடைய அரபுச் சொல் அது. மராத்தியில் மற்போர் பயிலும் கூடத்துக்குப் பெயராகிவிட்டது. அங்கே கற்பிப்பவரை 'வஸ்தாத்' என்று மரியாதையுடன் அழைப்பார்கள். மல்லர் கம்பம் என்று நாம் சொல்லும் 'மல்லகாம்ப்' வித்தை மராட்டிய நாட்டில் புத்துயிர் பெற்றதும் பேஷ்வாக்களின் காலத்திலேதான். இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவுக்குத் தேகப்பயிற்சி ஆசானாக இருந்த பாலம்பட்ட தேவதர் என்பவரே அதற்குக் காரணமானவர் என்று கூறுவார்கள். ஜான்சி ராணி லட்சுமிபாயும் இளமையில் இக்கலையைப் பயின்றதாக இந்நாட்டு மக்கள் பெருமையோடு சொல்வதுண்டு. அதற்கு வெகு முன்பே, 12-ஆம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய 'மானசோல்லாசம்' என்னும் வடமொழி நூலில் மல்லர்களின் கம்பப் பயிற்சி குறிக்கப்பட்டிருக்கிறது.

'மல்லன்' என்ற சொல் நமக்கு அயலானதன்று. ஆமூர் மல்லனைப் போரவைக் கோப்பெருநற்கிள்ளி பொருது வீழ்த்திய செய்தியைப் புறநானூறு கூறுகிறது. நரசிம்மவர்ம பல்லவனுக்கு மாமல்லன் என்ற பட்டப்பெயர் இருந்ததும், அப்பெயரால் மாமல்லபுரம் விளங்குவதும் நாம் அறிந்தவையே. இன்று தமிழ்நாட்டில் விழுப்புரம் மல்லர் கம்பத்துக்குப் பெயர் பெற்ற ஊராக இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் மல்லர் கம்பமும் இடம்பெற்றது. எனவே நம் பிள்ளை ஒரு மராத்திக் கூடத்தில் கம்பம் ஏறினால், அயலார் வித்தையைக் கற்கிறது என்று எண்ண வேண்டியதில்லை. இரு நாட்டாருக்கும் பொதுவான பாட்டன் சொத்தை அனுபவிக்கிறது என்று மகிழலாம்.

இந்நகரில் பெற்றோர் காணக்கூடிய கூடங்கள் பெரும்பாலும் மூன்று வகைப்படும். பழைய தேகப்பயிற்சி நிலையங்கள் முதல் வகை. திலகர் சாலையில் இருக்கும் மகாராஷ்ட்ரீய மண்டல் இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. கேப்டன் சிவராம்பந்த் தாம்லே 1924-இல் தோற்றுவித்தது அது. நூறாண்டு கண்ட நிறுவனம். இத்தகைய இடங்களில் மல்லர் கம்பம் முதலான நாட்டுப் பயிற்சிகளுக்கு முதன்மை இருக்கும். அரசாங்கமும் நகராட்சியும் அமைத்த பெரிய விளையாட்டு வளாகங்கள் இரண்டாவது வகை. 1994-ஆம் ஆண்டுத் தேசிய விளையாட்டுகளுக்காகப் பாலேவாடியில் எழுந்த ஸ்ரீ சிவ சத்ரபதி வளாகம் அவற்றுள் புகழ்பெற்றது. மூன்றாவது வகை, அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொதுமண்டபங்களிலும் வாடகைக் கட்டடங்களிலும் நடக்கும் தனியார் வகுப்புகள்.

இவற்றுள் ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்பதில்லை. என்ன கற்பிக்கிறார்கள் என்பதில் வேறுபாடு உண்டு. மல்லர் கம்பத்தில் தேக்கு அல்லது ஈட்டி வகை மரத்தாலான, சுமார் இரண்டரை மீட்டர் உயரமுள்ள கம்பத்தில் ஆமணக்கெண்ணெய் தடவி ஏறி, உடம்பை முறுக்கி ஆசனங்கள் செய்வார்கள். தொங்கும் கயிற்றில் செய்வது கயிற்று மல்லர் கம்பம். பெண் பிள்ளைகள் பெரும்பாலும் இதனைப் பயில்கிறார்கள். ஜிம்னாஸ்டிக்ஸில், ஆண்களுக்குத் தரைப் பயிற்சி, வளையங்கள், இணைக் கம்பிகள் முதலான ஆறு பிரிவுகள். பெண்களுக்குத் தாவல், உயரம் மாறிய இரு கம்பிகள், சமநிலை உத்தரம், தரைப் பயிற்சி என நான்கு. அந்த உத்தரத்தின் அகலம் 10 சென்டிமீட்டர்தான். தரையிலிருந்து அதன் உயரம் 1.25 மீட்டர். நாடா, பந்து, வளையம் ஆகியவற்றைக் கையில் கொண்டு இசைக்கேற்ப ஆடும் பிரிவு வேறு. தனியார் வகுப்புகள் சிலவற்றில், பெயர் ஜிம்னாஸ்டிக்ஸ் என்றிருந்தாலும், குட்டிக்கரணமும் ஓட்டமும் விளையாட்டுமாகவே பொழுது போகும். ஐந்து வயதுக் குழந்தைக்கு அதுவே போதுமானது; ஏமாந்துவிட்டோம் என்று எண்ண வேண்டாம். பத்து வயதுப் பிள்ளை போட்டிக்குப் போக ஆசைப்பட்டால் மட்டும், உரிய கருவிகளும் தேர்ந்த ஆசிரியரும் உள்ள இடத்தைத் தேட வேண்டும்.

தொலைவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹிஞ்சவாடியிலிருந்து திலகர் சாலைக்குச் சுமார் 20 கிலோமீட்டர். மாலை நேரத்துப் போக்குவரத்தில் அந்தப் பயணம் பிள்ளையின் உடம்பைப் பயிற்சிக்கு முன்பே களைக்கச் செய்துவிடும். களைத்த உடம்பு தவறி விழும். பெயர் பெற்ற தொலைதூரக் கூடத்தைவிட, பதினைந்து நிமிஷத்தில் போய்ச் சேரக்கூடிய ஒழுங்கான கூடமே சிறு பிள்ளைக்கு ஏற்றது.

இனி, தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்வோம். பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள், வகுப்பு நடக்கும் வேளையில் போய், தொடக்கம் முதல் முடிவு வரை உட்கார்ந்து பாருங்கள். பொதுவாகப் பெற்றோரின் பார்வை அங்குள்ள மிகத் திறமையான பிள்ளையின் மேல் போகும். அது அந்தரத்தில் சுழல்வதைக் கண்டு, 'நம் குழந்தையும் ஒரு நாள் இப்படிச் செய்யும்' என்று உள்ளம் பூரிக்கும். அந்தப் பிள்ளையைப் பார்ப்பதால் கூடத்தைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்ள முடியாது. இயற்கையான திறமையுள்ள பிள்ளை எங்கும் ஓரளவு விளங்கும். வரிசையில் கடைசியில் நிற்கும் பிள்ளையைப் பாருங்கள். கொஞ்சம் பருமனான பிள்ளை, பயந்த பிள்ளை, நேற்றுத்தான் சேர்ந்த பிள்ளை, மற்றவர்கள் செய்வது தனக்கு வராமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளை: அதனை ஆசிரியர் எப்படி நடத்துகிறார்? அதற்கும் முறை வருகிறதா? அது தவறினால் கூடத்தில் சிரிப்பு எழுகிறதா? அது 'மாட்டேன்' என்று சொன்னால் ஆசிரியர் என்ன செய்கிறார்? இவற்றுக்குக் கிடைக்கும் விடைதான் அந்தக் கூடத்தின் உண்மையான நற்சான்று. நம் பிள்ளையும் சேர்ந்த முதல் நாளன்று அந்தக் கடைசி இடத்தில்தானே நிற்கப் போகிறது?

அந்த ஒரு மணி நேரத்தில் வேறு சிலவற்றையும் கவனிக்கலாம். வந்தவுடன் பிள்ளைகளைக் கருவிகளில் ஏற்றுகிறார்களா, அல்லது உடம்பைச் சூடாக்கும் ஓட்டமும் அசைவுகளும் முதலில் நடக்கின்றனவா? எப்படி விழுவது என்று கற்பிக்கிறார்களா? விழுவதும் ஒரு கலை. கையை விறைப்பாக ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு முறியும். முழங்காலை மடக்கி, உடம்பைச் சுருட்டி உருண்டால் அடி குறையும். நல்ல ஆசிரியர் இதனை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுவார். கம்பத்தின் கீழும் கம்பிகளின் கீழும் கனமான மெத்தை இருக்கிறதா, மெத்தைகளுக்கு நடுவில் இடைவெளி விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். துள்ளுமேடை இருந்தால், ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான் அதில் ஏற வேண்டும். இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்து குதிக்க விடும் இடத்தை விட்டு விலகுங்கள். ஓர் ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள் என்று எண்ணுங்கள். முதலுதவிப் பெட்டி எங்கே என்று கேளுங்கள். 'அதோ' என்று உடனே கை காட்டினால் நல்லது, யாரோ ஒருவர் தேடப் போனால் அதுவும் ஒரு விடைதான்.

காலை அகற்றித் தரையில் அமரும் பயிற்சியைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். குழந்தை அழ அழ, அதன் தோளில் ஏறி அமுக்குவதைச் சில இடங்களில் பயிற்சி என்று சொல்கிறார்கள். அது பயிற்சியன்று. தசைகள் நாள்தோறும் சிறிது சிறிதாகத்தான் இளகும். வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் இன்னும் கெட்டிப்படாத குருத்துப் பகுதிகள் உள்ளன. எலும்பு நீள்வது அங்கேதான். இவ்வித்தையில் உடம்பின் பாரம் கைகளில் இறங்குவதால், மணிக்கட்டில் உள்ள அப்பகுதிகள் துன்புறுவது உண்டு. சில நாட்கள் ஓய்வு கொடுத்தும் தீராத வலியை 'பழகப் பழகச் சரியாகிவிடும்' என்று தள்ளிவிடாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

வலியைப் பற்றி உலகம் பாடம் கற்ற வரலாறும் உண்டு. 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் அணிக்காகத் தாவிய 18 வயதுக் கெர்ரி ஸ்ட்ரக், முதல் தாவலில் கணுக்காலைக் காயப்படுத்திக்கொண்டார். பயிற்சியாளர் ஊக்கிவிட, நொண்டிக்கொண்டே போய் இரண்டாம் முறையும் தாவினார். ஒற்றைக் காலில் நின்று வணங்கிவிட்டு விழுந்தார். உலகமே கைதட்டியது. பிறகு கணக்குப் பார்த்தபோது, அந்த இரண்டாம் தாவல் இல்லாமலேயே அந்த அணி தங்கம் பெற்றிருக்கும் என்று தெரிந்தது. தனிப் போட்டிகளில் அவர் கலந்துகொள்ள முடியவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2021-இல் டோக்கியோவில், உலகின் தலைசிறந்த வீராங்கனை சிமோன் பைல்ஸ் அணிப் போட்டியின் நடுவிலேயே விலகினார். அந்தரத்தில் சுழலும்போது தன் உடம்பு எங்கே இருக்கிறது என்ற உணர்வு தப்பிவிட்டது என்றும், அந்நிலையில் தொடர்வது ஆபத்து என்றும் சொன்னார். கோழை என்று தூற்றியவர்களும் இருந்தார்கள். அவரோ 2024-இல் பாரிஸில் மீண்டும் இறங்கி மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். 'முடியாது' என்று உரிய நேரத்தில் சொன்னதால் அவர் உடம்பு முழுதாக இருந்தது. முழுதாக இருந்ததால் மீண்டும் வர முடிந்தது.

உலக வீராங்கனைக்கு அந்தச் சொல்லைச் சொல்லும் துணிவு வர அத்தனை ஆண்டுகள் ஆயின. ஏழு வயதுப் பிள்ளைக்கு அது தானாக வருமா? அதிலும், வீட்டில் ஒரு மொழி, கூடத்தில் மற்றொரு மொழி என்று வாழும் நம் பிள்ளைகளுக்கு?

புலம்பெயர்ந்து வாழும் நாம் தனியாகச் சிந்திக்க வேண்டியது இதுதான். பழைய கூடங்களில் பயிற்சி பெரும்பாலும் மராத்தியில் நடக்கும். 'ஓடு', 'குதி', 'நில்' போன்ற சொற்களைப் பிள்ளை இரண்டே நாளில் மற்றவர்களைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளும். கட்டளைக்குக் கீழ்ப்படிய மொழி அதிகம் வேண்டாம், கண் போதும். மறுப்பதற்குத்தான் மொழி வேண்டும். ஆகவே, பயிற்சி உடுப்பு வாங்குமுன்பே பிள்ளைக்கு மூன்று மராத்தித் தொடர்களைக் கற்றுக்கொடுங்கள். 'துக்தய்' என்றால் வலிக்கிறது. 'பீதி வாட்டதே' என்றால் பயமாக இருக்கிறது. 'நகோ' என்றால் வேண்டாம். இம்மூன்றையும் வீட்டில் விளையாட்டாகச் சொல்லிப் பழக்குங்கள். உரக்கச் சொல்லவும் பழக்குங்கள். நம் வீடுகளில் பெரியவர்கள் முன் மெதுவாகப் பேசுவதே மரியாதை என்று வளர்க்கிறோம். அது நல்ல பழக்கமே. ஆனால் கம்பத்தின் உச்சியில் கை வழுக்கும்போது மெதுவாகச் சொன்ன சொல் கீழே நிற்பவர் காதில் விழாது.

பிள்ளை சொன்னது அங்கே காதில் வாங்கிக்கொள்ளப்படுகிறதா என்பது அடுத்தது. 'காப்ரூ நகோ', அதாவது பயப்படாதே, என்று ஆசிரியர் சொல்வதுண்டு. அதைச் சொல்லிக்கொண்டே பக்கத்தில் வந்து கையைத் தாங்கிப் பிடிக்கிறாரா, அல்லது தூரத்தில் நின்று அதட்டுகிறாரா என்று பாருங்கள். இரண்டுக்கும் சொல் ஒன்றுதான். பொருள் முற்றிலும் வேறு. பெரிய பிள்ளைகளை 'தாதா', 'தாயீ' என்று சிறியவர்கள் கூப்பிடும் கூடங்கள் இந்நகரில் உண்டு. அண்ணா, அக்கா என்று பொருள். அந்த அக்காமார் சிறிய பிள்ளைகளுக்குக் கைகொடுத்து ஏற்றிவிடும் வழக்கம் இருந்தால், அது ஒரு குடும்பத்தைப் போன்ற கூடம் என்று அறியலாம். அங்கே நம் பிள்ளைக்கு மராத்தியும் வரும், உறவும் வரும். உற்றார் உறவினரை விட்டு வந்து வாழும் நமக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இப்போது, சொல்லத் தயங்கினாலும் சொல்லியே ஆக வேண்டிய ஒன்றைச் சொல்கிறோம். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் வைத்தியராகப் பல ஆண்டுகள் இருந்த லாரி நாசர் என்பவன், சிகிச்சை என்ற பெயரில் நூற்றுக்கணக்கான சிறுமிகளிடம் தகாத முறையில் நடந்துகொண்டவன். 2016-இல் ஒரு நாளேடு அதனை வெளிக்கொணர்ந்தது. 2018 ஜனவரியில் நீதிமன்றத்தில் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் தாங்கள் பட்ட துன்பத்தைச் சொன்னார்கள். அவனுக்கு 40 முதல் 175 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. சில சிறுமிகளின் பெற்றோர் அதே அறையில் இருக்கும்போதே அக்கொடுமை நடந்தது என்பது நெஞ்சை நடுங்கச் செய்கிறது. சிலர் முன்பே முறையிட்டிருந்தும், பெரிய மனிதர், புகழ்பெற்ற வைத்தியர் என்ற எண்ணத்தால் அவர்கள் பேச்சு எடுபடவில்லை.

இதனைப் படித்துவிட்டு எல்லா ஆசிரியர்களையும் சந்தேகிக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. இந்த வித்தையில் ஆசிரியர் பிள்ளையின் இடுப்பையும் முதுகையும் தாங்கிப் பிடிக்காமல் கற்பிக்க முடியாது. பிடிக்காமல் விடுவதுதான் ஆபத்து. நல்ல ஆசிரியர், 'இப்போது இங்கே பிடிப்பேன்' என்று சொல்லிவிட்டு, எல்லோரும் பார்க்க, திறந்த கூடத்தில் பிடிப்பார். ஆகவே சில விதிகளைப் பெற்றோர் தயங்காமல் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வகுப்பு நடக்கும்போது பெற்றோர் எந்நேரமும் உள்ளே வந்து பார்க்கலாமா? தனியறையில் தனிப்பயிற்சி உண்டா? உடை மாற்றும் இடம் பெண் பிள்ளைகளுக்குத் தனியாக இருக்கிறதா? வெளியூர்ப் போட்டிக்குப் போனால் பெண் பயிற்சியாளர் ஒருவர் உடன் வருகிறாரா? ஆசிரியர் பிள்ளைக்கு நேரடியாகக் கைப்பேசியில் செய்தி அனுப்புவாரா, பெற்றோர் மூலமாகத்தான் அனுப்புவாரா? 'பெற்றோர் இருந்தால் பிள்ளைகளின் கவனம் சிதறும்' என்று சொல்லி நாள்தோறும் கதவைச் சாத்தும் இடம், எத்தனை பதக்கம் வாங்கியிருந்தாலும், நமக்கு வேண்டாம்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. அதன்படி, இத்தகைய குற்றம் நடந்ததாகத் தெரிந்தவர் அதனைப் போலீசாருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். தெரிந்தும் மறைப்பது குற்றம். குழந்தைகளின் உதவிக்கு 1098 என்ற தொலைபேசி எண் நாடு முழுவதும் உண்டு. 'பிழைக்க வந்த ஊரில் நமக்கேன் வம்பு' என்று வாய் மூடி இருப்பது இவ்விஷயத்தில் பெரும் பாவம்.

பெண் பிள்ளைகளைப் பற்றி இன்னும் ஒன்று. பத்து வயது வரை ஆர்வத்தோடு அனுப்பும் நம் வீட்டார், பெண் பெரியவளானதும் நிறுத்திவிடுகிறார்கள். உடுப்பைப் பற்றிய கூச்சம், உறவினர் பேச்சு, பள்ளிப் பாடம் என்று காரணங்கள் பல. உடுப்புத்தான் தடையென்றால், முழுக் கால் மூடிய உடையில் பயில அனுமதிப்பார்களா என்று கேளுங்கள். டோக்கியோவில் ஜெர்மானிய வீராங்கனைகள் கணுக்கால் வரை மூடிய உடையில்தான் போட்டியிட்டார்கள். திரிபுராவின் அகர்த்தலாவில் பிறந்த தீபா கர்மாகர் ஆறு வயதில் பயிற்சிக்கு வந்தபோது அவருடைய பாதங்கள் தட்டையாக இருந்தன. தாவலுக்கு அது பெருங்குறை. அவரையும் ஒரு காலத்தில் வரிசையின் கடைசியில் நிறுத்தியிருக்கலாம். ஆசிரியர் விசுவேசுவர் நந்தி பொறுமையுடன் பயிற்றுவித்தார். 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் தாவல் போட்டியில் தீபா நான்காம் இடம் பெற்றார். ஒலிம்பிக்கில் போட்டியிட்ட முதல் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் பெண்மணி அவரே. வெண்கலம் 0.15 புள்ளியில் கை நழுவியது. தட்டைப் பாதத்தைக் கண்டு அன்றைக்கே திருப்பி அனுப்பியிருந்தால், அந்த நான்காம் இடமும் நமக்கு இல்லை.

கூடத்தின் கடமைகளைச் சொன்னோம். வீட்டின் கடமைகளையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று. கொலுசு, வளையல், கழுத்துச் சங்கிலி, தொங்கட்டான் எல்லாவற்றையும் கழற்றிவிட்டே பிள்ளையை அனுப்ப வேண்டும். நீண்ட பின்னலை இறுக்கி முடிந்துவிட வேண்டும். கயிற்றில் சிக்கினால் விபரீதம். நகம் வெட்டியிருக்க வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் அனுப்பக் கூடாது. பட்டினியாகவும் அனுப்பக் கூடாது. 'எடையைக் குறை, அரிசிச் சோற்றை நிறுத்து' என்று வளரும் பிள்ளையிடம் யாராவது சொன்னால், வைத்தியரைக் கேளாமல் அதன்படி நடக்க வேண்டாம். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதை நிறுத்துங்கள். பொங்கல் விழாவுக்கு வந்த விருந்தினர் முன் கூடத்துச் சிமெண்டுத் தரையில் 'ஒரு குட்டிக்கரணம் போட்டுக் காட்டு' என்று கேட்காதீர்கள். மெத்தையில்லாத தரையில் கற்ற வித்தையைக் காட்டச் சொல்வது, பிள்ளை கற்ற முதல் பாடத்தையே அழிப்பதாகும்.

பணத்தைப் பொறுத்தவரை, ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்தினால் தள்ளுபடி என்று ஆசை காட்டுவார்கள். முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். முழுத் தொகையும் கட்டிவிட்டால், பிள்ளை 'வேண்டாம்' என்று சொல்லும்போது நம் காது அடைத்துக்கொள்ளும். கட்டிய பணமே காதை அடைக்கும். அந்த ஒரு மாதத்தில் பிள்ளையைக் கவனியுங்கள். உடம்பு வலி இருக்கும், அது இயற்கை. ஆனால் போகும் நாளன்று வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறதா, வழக்கத்துக்கு மாறாகப் பேச்சு குறைந்துவிட்டதா, ஒரு குறிப்பிட்ட மனிதரின் பெயரைச் சொன்னால் முகம் வாடுகிறதா? அப்படியானால், காரணம் கேட்டு அதட்டாமல், அருகில் அமர்ந்து பேச விடுங்கள். தேவையானால் கூடத்தை மாற்றுங்கள். மாற்றுவதில் அவமானம் இல்லை.

இவ்வளவையும் பார்த்துச் சேர்த்த பிறகு, பதக்கம் வருமா வராதா என்ற கவலையை விட்டுவிடலாம். பயிலும் பிள்ளைகளில் பதக்கம் வரை போகிறவர்கள் மிகச் சிலரே. ஆனால் ஒழுங்கான கூடத்தில் இரண்டு ஆண்டு பயின்ற பிள்ளை, விழுந்தால் எழத் தெரிந்துகொள்ளும். தன் உடம்பின் அளவை அறிந்துகொள்ளும். அயல்மொழியில் தோழர்களைப் பெறும். பெரியவர் ஒருவரின் முன் நிமிர்ந்து நின்று 'நகோ' என்று சொல்லவும், அச்சொல்லுக்கு அங்கே மதிப்பு உண்டு என்று நம்பவும் கற்றுக்கொள்ளும். வாழ்நாள் முழுவதும் கூட வரும் செல்வம் அது. நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகளை இந்நகரக் கூடங்களில் சேர்த்திருப்பவர்கள், தாங்கள் நேரில் கண்ட நல்ல வழக்கங்களை மாதக் கூட்டத்துக்கு வரும்போது புதிதாக வந்த குடும்பத்தாரிடம் சொல்லுங்கள். ஊரில் மாமாவும் பெரியப்பாவும் செய்யும் வேலையை இங்கே நாம்தான் ஒருவருக்கொருவர் செய்துகொள்ள வேண்டும்.